நசுங்கல்

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யக் கூடாது. விதி அப்படி. கலக்கி சுற்ற ஆரம்பித்துவிட்டது, மூடியை மூடியாயிற்று, இரண்டு மின்கம்பிகளையும் மாட்டியாயிற்று, இனி நிமிடத்துக்கு ஒருதரம் அது பீப் என்று கூப்பிடும், அப்போது சிவப்பு எண்களில் தெரிகிற வெப்பநிலையை நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. 27.410. எழுதிவிட்டேன். பத்தொன்பது வருடமாக இந்த ஐந்து நிமிடங்களில் சும்மா இருந்திருக்கிறேன், எல்லாவற்றையும் கூட்டினால் என் ஆயுளில் எத்தனை மாதம் வரும் என்று ஒருநாள் கணக்குப் போடத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன், பயமாக இருந்தது. ஒரு கிராம் நிலக்கரி, ஆக்சிஜன் அடைத்த ஓர் எஃகுக் கலம், கலத்தை முழுக்கி வைக்க ஒரு வாளித் தண்ணீர். கலத்துக்குள் கரி எரியும், தண்ணீர் சூடாகும், எத்தனை டிகிரி ஏறியது என்று பார்த்தால் அந்தக் கரிக்குள் எவ்வளவு சூடு இருந்தது என்று தெரிந்துவிடும். கப்பல் கப்பலாக வந்து இறங்குகிற கரிக்கு இங்கே நாங்கள் இரண்டு பேர் ஒரு கிராமை எரித்து யோக்கியதாபத்திரம் எழுதுகிறோம், நான் ஒன்றாம் நம்பர் கலோரிமீட்டரில், மிக்கேல் அண்ணாச்சி இரண்டாம் நம்பரில். எழுதினோம் என்று சொல்ல வேண்டும் இனிமேல். அண்ணாச்சியை ஒரு வாரமாக ஆய்வகத்துக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மணிக்கு விசாரணை. இப்போது ஒன்று நாற்பது. 27.412.

இன்று எரியப்போவது கரி இல்லை, பென்சாயிக் அமிலம். வெள்ளை வில்லை, ஒரு கிராம், எவ்வளவு சூடு தரும் என்று உலகத்துக்கே தெரியும், அதனால் கருவி உண்மை பேசுகிறதா என்று பார்க்க இதைத்தான் எரிப்பது வழக்கம். மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். போன மாதம் புட்டி காலி, கேட்டு எழுதிப் புதுப் புட்டி வந்து சேர்ந்தது நேற்றுத்தான். எங்கள் சீஃப் பத்மநாபன் சார் காலையில் வந்து, "மேடம், உங்க மெஷின்ல ஒண்ணு, அவர் மெஷின்ல ஒண்ணு ஓட்டி வைங்க, மூணு மணிக்கு எடுத்துட்டு வாங்க, ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்றார். ஒரு கிராம் வில்லைக்கு என் கருவியில் எப்போதும் 2.62 டிகிரி பக்கம் ஏறும். இன்றும் அதுதான் ஏறும். ஏறாமல் எங்கே போகும், நான் தினமும் துடைத்து வைக்கிற கருவி. போன வாரம் சார் ஒரே கரிப்பொடியை இரண்டு பாட்டிலில் போட்டு, ஒரே பொடி என்று சொல்லாமல், எங்கள் இருவருக்கும் கொடுத்தார். எனக்கு 4087 கலோரி வந்தது, அண்ணாச்சிக்கு 3940. நாற்பது ஐம்பது வித்தியாசம் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நூற்று நாற்பத்தேழு. பழைய நோட்டைப் புரட்டினால் ஒரு மாதமாகவே அவருடையது என்னுடையதைவிடத் தாழ்ந்துதான் இருக்கிறது. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், கிழவர் எரிக்காமலே ரீடிங் எழுதுகிறார் என்று. மத்தியானம் அவர் கொஞ்சம் கண் அசருவார், அது எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருக்கிறது. பொய் ரீடிங் எழுதியவர் என்ற பெயரோடு வெளியே போவார், அவ்வளவுதான், சிறைக்கா போகப்போகிறார் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சொன்ன பிறகு டிபன் பையை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். 27.413. உங்கள் கருவியில் கோளாறு ஏதும் உண்டா என்று எழுத்தில் கேட்டார்கள். இல்லை என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'திரு. மிக்கேல் சமீப காலமாகச் சற்றுக் கவனக்குறைவாக உள்ளார்' என்று கீழே ஒரு வரி சேர்த்தேன். யாரும் கேட்காத வரி. எதற்குச் சேர்த்தேன் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். அவர் என் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்ற ஆத்திரம்தான், வேறென்ன. "ரெண்டு மெஷினையும் பாருங்க சார்னுதான் சொன்னேன், உன்னயச் சொல்லல வடிவு" என்றார் வராந்தாவில். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன்.

எரிந்து முடிந்த பிறகு கலத்தைத் திறந்தால் பற்றவைக்கிற கம்பியில் எரியாத துண்டு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதை எடுத்து நிமிர்த்தி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, எரிந்துபோன பகுதியின் சூட்டைக் கணக்கில் கழிக்க வேண்டும். எல்லோரும் ஒரு குத்துமதிப்பு போட்டு எழுதிவிடுவார்கள், நானும்தான், இரண்டு கலோரி மூன்று கலோரியில் என்ன வந்துவிடப்போகிறது. அண்ணாச்சி மட்டும் ஜியாமெட்ரி பாக்ஸில் வருகிற பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று வைத்திருக்கிறார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தத் தலைமுடி அளவு கம்பியை நகத்தால் நீவி நீவி அளப்பார். நான்கு மில்லிமீட்டர் கம்பிக்கு மெனக்கெடுகிறவர் எரிக்காமல் எழுதுவாரா? இது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதைச் சொல்லாமல் இருந்தேன். 27.415. வியர்க்கிறது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த வயதில் இப்படித்தான், திடீரென்று உள்ளேயிருந்து ஒரு அனல் கிளம்பிக் கழுத்து காது எல்லாம் ஏறி, மூன்று நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும், எந்த வாளியில் என்னை முக்கி இதை அளப்பது. முந்தானையால் ஒற்றிக்கொள்கிறேன். மேஜை ஓரத்தில் சிவப்பாக ஒரு சொட்டு காய்ந்து கிடக்கிறது. சுரண்டினால் வரவில்லை. குங்குமம் இல்லை, நெயில் பாலிஷ். என் மகளுடையது. இது எங்கே இங்கே வந்தது? ஆயுத பூஜையன்று கொண்டு வந்தேன், வாளிக்கு நம்பர் போட. ஆமாம். பூஜைக்கு இந்த ஆய்வகம் கல்யாண வீடு மாதிரி இருக்கும், ஆக்சிஜன் சிலிண்டருக்குச் சந்தனம் குங்குமம், தராசுக்கு ஒரு பூ, கலத்துக்கு ஒரு பூ, சுண்டலும் பொரியும் பரப்பி வைத்து நாலு மணிக்குச் சூடம் காட்டுவோம். அண்ணாச்சி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர், ஆனாலும் வாசலில் நின்று, "எம் மெஷினுக்கும் ஒரு பொட்டு வைம்மா, அது என்ன பாவம் பண்ணுச்சு" என்று கேட்டு வைக்கச் சொல்வார், சுண்டல் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொள்வார். 27.417. அவ்வளவுதான், ஐந்து ஆகிவிட்டது, அடுத்த பீப்புக்குப் பற்றவைக்க வேண்டும்.

பத்தொன்பது வருடம் ஆகியும் இந்தப் பொத்தானை அழுத்தும்போது ஓர் அடி பின்னால் போய் நிற்கிறேன். 27.418. அழுத்திவிட்டேன். சத்தமே வராது. முதல் சில நொடிகள் எண்கள் அப்படியே நிற்கும், பற்றவில்லையோ என்று தோன்றும், பிறகு ஏறும். ஏறுகிறது. 27.6, 28.1, ஏறட்டும். வில்லை உள்ளே இருட்டில் எரிந்துகொண்டிருக்கிறது, யாரும் பார்க்க முடியாத நெருப்பு. பூஜைக்கு முதல் நாள் முத்துப்பேச்சி இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு போய்ப் புளி போட்டுத் தேய்த்தாள். பெருக்கித் துடைக்க வந்தவள், நாங்கள் சொல்லவில்லை, பூஜைக்குப் பாத்திரம் கறுப்பாக இருக்கக் கூடாது என்று அவளாகவே தேய்த்தாள். பளபளவென்று கொண்டு வந்தாள். அடியில் பெயின்டில் எழுதியிருந்த நம்பர் இரண்டும் போயே போய்விட்டது. "யம்மா, இதுல எது ஒங்களுது, எது அண்ணாச்சிது?" என்று ஒரு கைக்கு ஒன்றாகத் தூக்கிக் காட்டினாள். அது அவசியமான கேள்விதான். நாங்கள் தண்ணீரைத் தனியாக நிறுப்பதில்லை, வாளியோடு சேர்த்துத் தராசில் வைத்து மொத்த எடை வரும் வரை ஊற்றுவோம், தராசின் மேல் சீட்டு ஒட்டியிருக்கிறது, ஒன்று 2742, இரண்டு 2790. வெறும் வாளி என்னுடையது 742 கிராம், அவருடையது கொஞ்சம் கனம், 790. எப்படி ஊற்றினாலும் தண்ணீர் சரியாக இரண்டாயிரம் கிராம். வாளி மட்டும் மாறிவிட்டால் கணக்கு கோவிந்தா. அதனால் நான் நன்றாகப் பார்த்துத்தான் சொன்னேன். ஒரு வாளியில் அடிப்பக்கம் சின்னதாக ஒரு நசுங்கல். அதைப் பார்த்ததும், "நசுங்கினது என்னுது பேச்சி, அதுல ஒண்ணு போடணும்" என்றேன். மறுநாள் மகளின் நெயில் பாலிஷைக் கொண்டு வந்து நானே எழுதினேன், ஒன்று, இரண்டு, அழகாக, குண்டு குண்டாக. இப்போது உள்ளே என் கலம் முழுகிக் கிடப்பதும் அந்த நசுங்கின வாளியில்தான். 29.3. சரியாகத்தான் செய்திருக்கிறேன். நசுங்கல் என்னுடையது, நான்தானே போட்டேன் கீழே. கை வழுக்கி, தண்ணீரோடு, கால் விரலில் விழுந்து, நகம் கறுத்துப்போய் இரண்டு மாதம் செருப்பு போட முடியாமல், அதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. பெரிய வலி. அண்ணாச்சி ஓடி வந்து ஐஸ் கட்டி கேட்டு கேன்டீனுக்கு ஆள் அனுப்பினார். கிழக்குச் சன்னல் வெயில் முகத்தில் அடித்தது, வலியில் கண்ணை மூடிக்கொண்டேன். 29.7. கிழக்குச் சன்னல்.

என் மேஜைக்குக் கிழக்குச் சன்னல் கிடையாது. என்னுடையது சுவர் ஓரம், எப்போதும் சுவர் ஓரம்தான், சன்னல் அவர் மேஜைக்கு. அவர் மேஜையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? எழுதுகிறேன், 29.91, கை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. என் கருவி அந்த வாரம் கலக்கி மோட்டார் எரிந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. போயிருந்தது, ஆமாம், ஒன்பது நாள், நான் காலையில் அவருடையதில் ஓட்டுவேன், அவர் மத்தியானம் ஓட்டுவார். கீழே போட்டது நான். வாளி அவருடையது. அப்போதிருந்த சீஃப் மேடம் கையில் அகப்பட்டால் தோலை உரித்துவிடுவார்கள், நான் வேலையில் சேர்ந்து வருடம்கூட ஆகவில்லை, அழுதுகொண்டிருந்தேன், அண்ணாச்சிதான், "எங் கையில வழுக்கிட்டுன்னு எழுதிட்டேன், நீ காலப் பாரு" என்றார். புத்தகத்தில் அவர் பெயரில்தான் இருக்கிறது அந்த நசுங்கல். தப்பு என்னுடையது என்பது மட்டும் மனதில் தங்கி, வாளியும் என்னுடையது என்று ஆகிவிட்டதா? பதினெட்டு வருடத்தில் அப்படி ஆகிவிடுமா? வேண்டாம், குழப்பிக்கொள்ளாதே, எண் வரட்டும். அவருடைய கனமான வாளியில் நான் 2742 வரும் வரை ஊற்றியிருந்தால் தண்ணீர் நாற்பத்தெட்டு கிராம் குறைவு. தண்ணீர் குறைந்தால் சூடு அதிகம் ஏறும், கரி உயர்ந்த கரியாகத் தெரியும். அங்கே அவரிடம் இருக்கிற இலேசான வாளியில், என் வாளியில், நாற்பத்தெட்டு கிராம் கூடுதல், சூடு குறைவாக ஏறும். எனக்கு நாற்பதில் ஒன்றோ ஐம்பதில் ஒன்றோ மேலே, அவருக்கு அதே அளவு கீழே. நூற்று நாற்பத்தேழு. காகிதமே வேண்டாம், மனசுக்குள்ளேயே வந்துவிட்டது. சரியாக இருந்தால் 30.04இல் நிற்க வேண்டும். 30.02. நின்றுவிடு. தாயே, அங்கேயே நின்றுவிடு. 30.05. மறுபடியும் அந்த அனல் கழுத்தில் ஏறுகிறது, இது வயசா பயமா தெரியவில்லை. 30.07.

30.093. நின்றுவிட்டது. 30.093. அடுத்த நிமிடமும் அதேதான், பிறகு மெல்ல இறங்கும், அதையும் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். 2.67 டிகிரி. மறுபடியும் ஐந்து நிமிடம் சும்மா இருக்கலாம். ஆய்வகத்தில் யாரும் இல்லை, பேச்சி சாப்பிடப் போயிருக்கிறாள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே கரி ஏற்றிக்கொண்டு பெல்ட் ஓடுகிற சத்தம் மட்டும். மனசு சும்மா இருக்கவில்லை, வேலையை ஆரம்பித்துவிட்டது, எவ்வளவு சுறுசுறுப்பு. அசிட்டோன் புட்டி இரண்டாவது தட்டில் இருக்கிறது, பஞ்சும் இருக்கிறது. நெயில் பாலிஷ் பத்து வினாடியில் போய்விடும். வாளியை மாற்றி நம்பரை மாற்றி எழுதி, இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, புது வில்லை போட்டு ஓட்டினால் 2.62 வரும். அவர் மெஷினில் ஓட்டினாலும் சரியாக வரும். எதையும் பொய்யாக எழுத வேண்டியதே இல்லை, எல்லாம் உண்மையான ரீடிங். மூன்று மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், நாளையிலிருந்து இரண்டு கருவியும் ஒற்றுமையாக இருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. இப்படி யோசித்து ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தது. பிறகுதான் மிச்சமும் புரிந்தது. இரண்டு கருவியும் சரி என்று ஆகிவிட்டால் அந்த ஒரு மாதத்துத் தாழ்ந்த ரீடிங் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கருவி சரி, கரி சரி, மேடம் சரி. தப்பாக மிஞ்சுவது ஒரே ஆள்தான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நான்கு மில்லிமீட்டர் அளந்ததெல்லாம் பொய் என்று என் நல்ல கையெழுத்து சாட்சி சொல்லும். 30.091. 30.090. எழுதினேன். எழுதிவிட்டுக் கீழே கோடு போட்டேன், பேனாவால்.

கலத்தை எடுத்து, காற்றை விட்டுத் திறந்தேன். வில்லை சுத்தமாக எரிந்திருந்தது. கம்பியில் மிச்சம் இருந்தது. அண்ணாச்சி மேஜையிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்து அளந்தேன், இரண்டு சென்டிமீட்டர் மூன்று மில்லிமீட்டர், அப்படியே எழுதினேன். வாளித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி, துணியால் உள்ளும் புறமும் துடைத்து, வெறும் வாளியைத் தராசில் வைத்தேன். 790. முத்துப்பேச்சி கேட்டபோது இதைச் செய்திருக்கலாம், அரை நிமிட வேலை, நாள் முழுக்க எடை போடுகிறவள் நான், எனக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு நிச்சயம் எனக்கு, எவ்வளவு கர்வம். அழுகை வரவில்லை. அந்த அனல்கூட அடங்கிவிட்டிருந்தது. அசிட்டோன் பக்கம் போகாமல், குண்டு குண்டான அந்தச் சிவப்பு ஒன்றை அப்படியே விட்டு, வாளியை ஒரு கையிலும் நோட்டை மறு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவர் மெஷினில் ஓட்டவில்லை. ஓட்டித் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை.

மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிறது. நான் வாளியோடு வருவதைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, தண்ணி பிடிக்க வந்தியா?" என்றவர் வாளியைக் கையில் வாங்கினார், அடியில் பெருவிரலை வைத்து அந்த நசுங்கலைத் தடவினார். சிரிப்பு நின்றுவிட்டது. "இது எம் வாளியாச்சே. இது எப்படி ஒங்கிட்ட?"

"நாந்தான் மாத்திட்டேன் அண்ணாச்சி. பூஜைக்குத் தேய்ச்சப்ப. நம்பர் போனதும், நசுங்கினது என்னுதுன்னு நானே சொல்லிட்டேன். நான் கீழ போட்டதுல்லா." 

அவர் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கிட்ட இருக்கறதுல நசுங்கல் இல்லையேன்னு அன்னைக்கே பாத்தேன் வடிவு" என்றார். "பூஜைக்குன்னு நீ தட்டி எடுக்கச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். அத்தன வருசம் கழிச்சு இந்தப் பிள்ளைக்கு ஞாவகம் இருக்கேன்னு சந்தோசமா இருந்துச்சு."

கதவு திறந்து பத்மநாபன் சார் எட்டிப் பார்த்து, "மிக்கேல், வாங்க" என்றார். அண்ணாச்சி எழுந்தார். நான் அவர் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு முதலில் உள்ளே போனேன்.